வாய்க்காலில் வந்த தண்ணீரைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

என் மகளைப் பற்றி நீ எழுதி அனுப்பிய திரைக்கதையை முழுவதும் வாசித்து முடித்தேன். அதைப் படமாக்க நீ கேட்ட சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் கடைசிக் காட்சி இப்போதிருக்கிறபடியே இருக்குமானால் இடமாட்டேன். இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவது உன்னை வருத்தும் என்று தெரியும், அதற்காக என்னை மன்னித்துக்கொள். ஆனால், ‘முடிவில் வருவது கற்பனை இல்லை, என் கண் முன்னே நடந்தது’ என்று நீ மேடையில் நின்று சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. தொலைபேசியில் பேசினால் நீ அழத் தொடங்குவாய். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றத் தொடங்குவேன். சிறு வயதிலிருந்து நமக்குள் அப்படித்தான் நடந்து வருகிறது.

நீ நன்றாக எழுதியிருக்கும் பக்கங்கள் பல. நோயுற்ற குழந்தை என்றாலே மெலிந்து கிடப்பதாகக் காட்டுவதுதான் சினிமாவின் வழக்கம். நீயோ, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த வாரங்களில் அவள் முகம் உப்பிப்போனதையும், நள்ளிரவில் எழுந்து தயிர்சாதம் கேட்டதையும் எழுதியிருக்கிறாய். காதுகுத்தின்போது உன் மடியில் உட்கார்ந்தவள், முதுகுத்தண்டில் ஊசி போடுவதற்கு முன்பும் உன் கையைத்தான் தேடினாள். அதை வாசித்தபோது, அவளுக்கு இப்படி ஒரு தாய்மாமன் வாய்த்தானே என்று நெஞ்சு நிறைந்தது.

ஆனால் அதே கதையில் மருத்துவர், ‘இந்த நோய்க்கு மருந்தே கிடையாது’ என்கிறார். அந்த வசனத்தை எடுத்துவிடு. அவளுக்கு வந்த வகை ரத்தப் புற்றுநோய், அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, முறையான சிகிச்சை இடைவிடாமல் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகளை விட்டு நீங்கிவிடக்கூடியது. நம்முடையவளுக்கு மருந்துக்காலம் முடிவதற்குள்ளேயே நோய் திரும்பிவிட்டது. காய்ச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நம்பியோ, பஸ்ஸுக்கும் தங்குவதற்கும் பணமில்லாமலோ, சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களை அந்த வார்டில் நீயும் பார்த்தாய். திருவாரூரிலோ மன்னார்குடியிலோ உன் படத்தைப் பார்க்கப்போகும் ஒரு தாய், அந்த ஒரு வசனத்தைக் கேட்டு அடுத்த தவணைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

அடுத்ததைச் சொல்லும்போது கோபம் வருகிறது. உன் கதையில் வரும் அம்மா எந்நேரமும் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள். ‘ஆற்றுக்குப் போகாதே, மண்ணைத் தொடாதே, கூட்டத்துக்குப் போகாதே’ என்பதைத் தவிர அவளுக்கு வேறு வசனம் இல்லை. ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்கள் 500-க்குக் கீழே இறங்கிய குழந்தைக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் என்ன செய்யும் என்பது, இரவோடு இரவாக அவளைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடியவர்களுக்குத் தெரியும். அந்த இரவுகளில் நீ சென்னையில் இருந்தாய். அன்று யார் யார் உடன் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உறவினர்களும் இதைப் படிப்பார்கள்.

புதுத்தண்ணீர் குடமுருட்டி ஆற்றில் நுரையும் செத்தையுமாக நகர்ந்து வரும்போது அதற்கு முன்னால் ஓட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ‘ஜூன் 12 வரட்டும், மாமா உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்’ என்று வாக்குக் கொடுத்தவன் நீ. பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறித்திருக்கும் நாள் அது. கொடுத்துவிட்டு நீ ரயில் ஏறிவிட்டாய். அந்த வாக்கோடு வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். நாள்தோறும் நாளிதழில் மேட்டூரின் நீர்மட்டத்தை அவளே தேடி வாசிப்பாள். 120 அடியில் இன்று எத்தனை என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாள், அங்கிருந்து நம் ஊருக்கு மேலும் சில நாள் என்ற கணக்கும் அவளுக்கு மனப்பாடம். 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டிலும் ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை என்பதை இன்று நாம் திரும்பிப் பார்த்துச் சொல்கிறோம். 2017-இல், எட்டு வயதில், அவள் ஒவ்வொரு நாளாகக் காத்திருந்தாள்.

ஆடி மாதத்தில் நீ வந்தாய். அதற்குள் மருத்துவர்கள் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வயல் மோட்டார்களுக்கான மும்முனை மின்சாரம் விடியலுக்கு முன்பு வரும் முறை அது. முதல் நாளே மடையை அடைத்து, வெடித்துக் கிடந்த வாய்க்காலைக் கொத்திச் சீராக்கி, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பக்கத்து வயல்காரர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டாய். மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தம் கேட்காத தூரத்துக்கு அவளைத் தோளில் சுமந்து வந்தாய். முகக்கவசமும் ரப்பர் செருப்பும் போட்டு அவளை அனுப்பியவள் நான். அது உன் கதையில் இல்லை. தண்ணீர் வளைவைத் தாண்டி வந்தபோது நீ பூவும் விதைநெல்லும் தூவினாய். அவள் குனிந்து உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, தண்ணீரைப் பார்க்காமல் உன்னையே சிறிது நேரம் பார்த்தாள். ‘மாமா, வந்துருச்சு!’ என்று கத்திக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் தன்னால் முடிந்த மட்டும் நடந்தாள். நீ வரப்பில் உட்கார்ந்து அழுதாய்.

நீ அறிந்தது இவ்வளவுதான். அன்று இரவு அவள் என்னிடம் சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ‘அம்மா, அது மோட்டார் தண்ணி. வெதுவெதுன்னு இருந்துச்சு, கலங்கவே இல்ல. மேட்டூர்தான் இன்னும் திறக்கலையே. மாமாகிட்ட சொல்லிடாத, பாவம்.’

சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். இத்தனை ஆண்டுகள் காத்த வாக்கை இப்போது மீறுகிறேன். அவளிடமும் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏமாற்றப்பட்ட ஒரு குழந்தை மகிழ்ச்சியாகக் கண்மூடினாள் என்று நீ எழுதியிருக்கிறாய். அவள் ஏமாறவில்லை. உன் ஆசையை அவள் நிறைவேற்றி வைத்தாள். உடம்பில் வலு இல்லாத நாளில், வலிக்கிற காலோடு, உனக்காக நடந்தாள். என் மகள் செய்ததிலேயே பெரிய காரியம் அது. அதை நீ அவளிடமிருந்து எடுத்து உன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியாமல் செய்தாய் என்பதை அறிவேன். தெரிந்திருந்தால் அந்தக் காலையை உன்னால் தாங்கியிருக்க முடியாது என்பதையும் அறிவேன். அதனால்தான் அவளும் சொல்ல வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 2 அன்று மேட்டூரைத் திறந்தார்கள். ஆவணியிலேயே அவள் போய்விட்டாள். புதுத்தண்ணீர் குடமுருட்டிக்கு வந்த அன்று ஆற்றங்கரைக்கு நான் போகவில்லை. நீயும் ஊருக்கு வரவில்லை. நீ வராததை நெடுநாள் மனத்தில் வைத்திருந்தேன்.

ஆகவே, மாமா மோட்டாரைப் போடட்டும், பூவைத் தூவட்டும், அழட்டும். குழந்தைக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்குத் தெரியும் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். படப்பிடிப்பை நம் வாய்க்காலிலேயே வைத்துக்கொள். மற்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் தங்கட்டும், நீ வீட்டில் தங்கு. திருத்தி எழுதியதை அச்செடுத்து அஞ்சலில் அனுப்பு; செல்பேசியில் வந்தால் அத்தானுக்கு வாசிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. அவர் இதுவரை ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. வாசித்த பிறகு அவர் வேண்டாம் என்றால், என் கையெழுத்தும் உனக்குக் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா