மெர்டேக்காவுக்குப் பிறகு அண்ணனுக்கு எழுதியது

குளுவாங், ஜோகூர்
8.9.1957

அன்புள்ள பெரிய அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலமா?

ஆனியில் நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். நயா பைசாவைக் கையில் வாங்க மாட்டேன், அணாவாகக் கொடு என்று அம்மா கடைக்காரரிடம் சண்டை போட்டதைப் படித்து வீடே சிரித்தது.

இங்கே 31ஆம் தேதி சுதந்திரம் வந்துவிட்டது. மெர்டேக்கா என்கிறார்கள். மூத்தவனைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு ரயிலேறினேன். செந்தூலில் சகலை வீட்டில் தங்கல்; அவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. 30ஆம் தேதி ராத்திரி செலாங்கூர் கிளப் திடலில் எள் போட்டால் விழாத கூட்டம். நடுநிசிக்கு முன்னால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள். பையன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். மறுபடி வெளிச்சம் வந்ததும் வெள்ளைக்காரன் கொடி இறங்கிப் புதுக்கொடி ஏறியது. நம் நாட்டுச் சுதந்திரத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை அண்ணா. 47இல் தமிழ் நேசனில் படித்ததோடு சரி. இதைத்தான் பார்க்கக் கொடுத்துவைத்தது.

விடியற்காலம் மழை. அதனால் 8 மணிக்கு வைத்திருந்த விழா 9 மணிக்குப் போனது. புதிதாகக் கட்டிய ஸ்டேடியத்துக்குள் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வெளியே நின்று ஒலிபெருக்கியில்தான் கேட்டோம். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலாய் மொழியில் பிரகடனம் வாசித்தார். பிறகு 7 தரம் "மெர்டேக்கா" என்று முழங்கினார். பையன் தொண்டை கட்டும்வரை கூடக் கத்தினான். எனக்கு ஏனோ வாய் வரவில்லை. சின்ன அண்ணன் நினைவாகவே இருந்தது.

ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினால் அதே முள்கம்பி வேலி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து, மர வரிசையான நிரைக்குப் போகும்போது கேட்டில் ஆளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். பெண்களைச் சோதிக்கத் தனியாகப் பெண்கள். பால் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கோப்பியைக் குடித்துவிட்டுப் போனால், மரப்பட்டையைச் சீவி, மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை எடுத்து, காண்டாக் கம்பைத் தோளில் போட்டுச் சுமந்து ஸ்டோரில் கொட்டிவிட்டு வேலிக்குள் வந்த பிறகுதான் சாப்பாடு. அவசரகாலம் தொடங்கி 9 வருஷம் ஆகிறது. சரணடைகிறவர்களுக்கு மன்னிப்பு என்று துங்கு அறிவித்திருக்கிறார். அப்படியாவது இந்த வேலி போகிறதா பார்ப்போம்.

இனி, எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்ட விஷயம். பிரஜா உரிமைக்கு மனுப் போடலாம் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொல்கிறார். 12 வருஷத்தில் 8 வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் மலாய் தெரிய வேண்டும். ரஜுலா கப்பலில் வந்து இறங்கி எனக்கு 20 வருஷம். மலாய், சந்தையில் மீன் வாங்கப் பேசுகிற மலாய்தான். அது போதும் என்கிறார் கிராணி. (அவருக்கு எல்லாமே தெரியும் என்கிற நினைப்பு உண்டு.) ஆனால் இந்தியப் பிரஜையாகவும் இருந்துகொண்டு இதையும் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

என் வீட்டுக்காரி கர்ப்பமாயிருக்கிறாள். கார்த்திகையில் பிரசவம். அந்தப் பிள்ளை மெர்டேக்காவுக்குப் பிறகு இந்த மண்ணில் பிறக்கிறதால், மனு இல்லாமலே இந்த நாட்டுப் பிரஜை. பிள்ளைக்கு ஒரு நாடு, அப்பனுக்கு ஒரு நாடு என்று இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மனுப் போட முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் உத்தரவு கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயம்.

குளத்தடி வயலில் என் பங்கை நான் வரும்வரை வைத்திருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வைத்திருக்க வேண்டாம். விற்கவும் வேண்டாம். சின்ன அண்ணி பேருக்கு எழுதிவிடுங்கள். 43இல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று சின்ன அண்ணன் என் பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அன்று காய்ச்சலில் லயத்து வீட்டில் படுத்திருந்தேன். சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவர், காலராவில் அவர் போய்ச் சேர்ந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். தகவல் இல்லை என்று இத்தனை வருஷம் உங்களுக்கு எழுதியது பொய். அண்ணி பொட்டோடு காத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குப் பேனா ஓடவில்லை. ஊருக்கு வராமல் இருந்ததற்கும் கப்பல் காசு மட்டும் காரணமில்லை.

அம்மாவிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம். பத்திரத்துக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் தபாலில் அனுப்புங்கள், உடனே போட்டு அனுப்புகிறேன். 50 வெள்ளி தனியாக மணியார்டர் செய்திருக்கிறேன். அதில் பாதி அண்ணிக்கு.

இப்படிக்கு,
தம்பி