கண்மாய்க்கரை வன்னியும் நீ கேட்ட விதையும்

மேலூர்,
ஐப்பசி.

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிட்டது. பலகாரம், பேரப்பிள்ளைகள், வீடு நிறைய ஆள் என்று ஓடியதில் பதில் தள்ளிப்போனது. முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் நீ மொட்டை மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருப்பாய், எனக்குத் தெரியாதா! மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தை பிறக்கட்டும், கல்யாணத்துக்கு முன்னாடியே வந்து இறங்கிவிடுகிறேன். முறுக்கு சுற்ற ஆள் வேண்டாமா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கோயம்புத்தூரில் உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நாட்டு மரம் நடப்போகிறார்கள், மதுரைப் பக்கத்து அரிய மரங்களின் விதை கொஞ்சம் அனுப்பு என்கிறாய். அனுப்ப மாட்டேன்டி. கோபித்துக்கொள்ளாதே. இங்கே அரிதாக நிற்கிற மரம் அங்கேயும் அரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் மருதமலை அடிவாரத்தில் அதே இனம் தானாக முளைத்து நின்றுகொண்டிருக்கலாம். அந்த மண்ணுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய மரம் பக்கத்திலேயே இருக்கும்போது இங்கேயிருந்து எதற்கு? அதோடு, ஒரு மரம் இந்தத் தாலுகாவிலேயே ஏழெட்டுதான் நிற்கிறது என்றால் அதன் விதை இந்த மண்ணுக்கே போதாது.

வன்னியை எடுத்துக்கொள். ராஜஸ்தானுக்கு அதுதான் மாநில மரம், தெலங்கானாவுக்கும் அதுதான். ஆகவே வன்னியை அரிய மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் அது விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. கோயிலுக்குள் தலவிருட்சமாகப் பீடம் கட்டி வைத்திருப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் கரையில் தானாக நிற்கிற வன்னியைச் சொல்கிறேன். நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறது என்பதால் இங்கே உள்ளது போனால் பரவாயில்லையா? அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்குச் சிவப்புப் பட்டியல் போடும் சர்வதேச அமைப்பே வட்டார அளவில் மதிப்பிடுவதற்குத் தனி வழிமுறை வைத்திருக்கிறது. உலகக் கணக்கில் கவலையில்லாத இனம் ஒரு வட்டாரத்தில் அழியும் நிலைக்கு வந்திருக்கலாம் என்பதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்களுக்குத்தான் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அது வெறும் புதர்.

2017-இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது உனக்கு நினைவிருக்கும். உத்தரவில் குறையில்லை. அந்த மரம் கண்மாய்களை அடைத்து நிற்பதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜேசிபி ஓட்டுபவருக்கு முள் இருந்தால் எல்லாம் ஒன்றுதான். இங்கே ஒரு கண்மாயில் சீமைக்கருவேலத்தோடு சேர்த்து மூன்று வன்னியையும் வேரோடு பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர் சொன்ன பதில்: "முள்ளு மரம்தானே டீச்சர், ரெண்டு மழை பேஞ்சா திரும்ப வந்துரும்." சீமைக்கருவேலம் வரும், அது வாஸ்தவம். வன்னி வராது.

தூரத்திலிருந்து பார்த்தால் குழப்பம் வருவது நியாயம்தான். தாவரவியலாளர்களே ரொம்ப காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே தொகுதியில்தான், வைத்திருந்தார்கள். ஆனால் கிட்டப்போய் ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தால் போதும். சீமைக்கருவேலத்தில் முள் இலை முளைக்கிற கணுவில் இருக்கும், பெரும்பாலும் ஜோடியாக. வன்னியில் இரண்டு கணுக்களுக்கு நடுவில் அங்கங்கே சிதறி, அடி அகன்று, சின்னதாக இருக்கும். பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வேலை தொடங்கும் முன் ஒரு நாள் யாராவது கரையில் நடந்து, விட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அந்த மூன்றும் நின்றிருக்கும். குடைவேலும் இப்படித்தான் போகிறது. தட்டையான உச்சியோடு நிற்குமே, அதுதான். தென்னிந்தியாவின் தெற்குப் பகுதியையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதற்கு இயற்கையான இருப்பிடம் கிடையாது. அதைக்கூட விறகுக்கு மேலாக யாரும் நினைப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் நான் ஒரு நோட்டுப் போட்டேன். அழகர்மலை, நாகமலை, யானைமலை, அரிட்டாபட்டிப் பக்கத்துக் குன்றுகள், வைகைக் கரை, கண்மாய்க்கரைகள், கோயில் காடுகள் என்று இந்தப் பகுதியை எனக்குத் தோதாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம். எந்தெந்த இடத்தில் தானாக வளர்ந்து நிற்கிறது, எத்தனை நிற்கிறது, கன்று முளைக்கிறதா, இவ்வளவுதான் எழுதுவேன். இரண்டு இடத்துக்கு மேல் தேறாத செடிக்கு ஓரத்தில் சிவப்பு மை. ஐந்து இடத்துக்குள் என்றால் பச்சை மை. அறிவியல் இதழ்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடைசியாகச் சொன்னேனே, கன்று, அதுதான் எனக்கு முக்கியம். தேத்தாங்கொட்டை மரம் ஒன்று பெரிதாக, நிறையக் காய்த்து நிற்கிறது. அடியில் ஒரு கன்று இல்லை. முளைத்ததை எல்லாம் ஆடு கடித்துவிடுகிறது. அந்தக் கொட்டையைப் பானைக்குள் உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்த ஊர் இது. இப்போது கேன் தண்ணீர் வந்துவிட்டது, மரத்தைத் தேடுவார் இல்லை.

ஆட்டைக் குறை சொல்லிவிட்டேனே தவிர, ஆடு மேய்ப்பவர்கள் இல்லாமல் என் நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பியிருக்காது. ஒரு நாள் பாறைச் சரிவில் நாலு பட்டைத் தண்டோடு ஒன்றைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த அக்கா, "இதுவா டீச்சர், கள்ளிமுளையான். மேய்க்கப் போனா இதைத்தான் பறிச்சுத் திம்போம், பசி தெரியாது. முன்னாடி இந்தப் பாறை பூராம் கெடந்துச்சு" என்றார். 'முன்னாடி பூராம் கெடந்துச்சு' என்பதை எந்தப் புத்தகத்தில் தேடுவாய்? அதை அப்படியே எழுதி, அவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த ஜாதியில் பூக்காமல் இனத்தை உறுதி சொல்ல முடியாது. தண்டு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் தண்டு நுனி ஒல்லியாகிக்கொண்டே போய் பூ தனித்தனியாக வரும். இன்னொன்றில் உச்சியில் பந்துபோல் கொத்தாக வரும், கிட்டப் போனால் நாற்றம், ஈ மொய்க்கும். ஆகவே பூவுக்குக் காத்திருந்தேன். பூத்த பிறகும் பறிக்கவில்லை. இருபது செடி நின்றால் ஒன்றுக்கு மேல் எடுக்காதே என்று மாதிரி சேகரிப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே இருபதே இல்லை. அளவுகோலை வைத்துப் படம், பூவை வெட்டாமல் லென்ஸில் பார்த்து ஒரு கோட்டுப்படம், அத்தோடு விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் பழையபடி செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயப்போடுவதுதான். இந்த அடைமழையில் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடுகிறது. வீட்டில் மெத்தைக்கு அடியிலெல்லாம் செடி. சந்தேகமானவற்றைத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1967-இல் பாதிரியார் மேத்யூ தொடங்கியது அது. செல்போனைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி இப்போது இருக்கிறதே என்பாய். அது பேரினம் வரைக்கும் சுமாராகச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி.

இன்னொரு தலைவலி, இடத்தைச் சொல்லலாமா கூடாதா என்பது. கள்ளிமுளையான் வகைச் சாறு உடல் மெலியும் மாத்திரையாக வெளிநாடு வரை விற்கிறது. மாகாளிக்கிழங்கை ஊறுகாய்க்காகத் தோண்டித் தோண்டியே சிவப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். கிழங்கைத் தோண்டினால் கொடியே போயிற்று. செங்காந்தள் மாநில மலர், மூலனூர்ப் பக்கம் வயலில் கம்பி கட்டி விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். ஆனால் நடுவதற்குக் கிழங்கு காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும்தானே போனது? அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மரம் என்றால் ஊருக்கே சொல்வேன், ஊர் அறிந்த மரத்தை வெட்டுவது கஷ்டம். கிழங்கும் சதைத்தண்டும் என்றால் வாய் திறக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் படம் போடும்போது பின்னால் மலை தெரியாமல் எடுக்கிறேன். என் மருமகள் இதைப் பார்த்து, "அத்தை ஏதோ நகைக்கடை லாக்கர் மாதிரி பண்றாங்க" என்கிறாள்.

ஆனால் பஞ்சாயத்துக்குத் தெரியாமல் ரகசியம் காத்தாலும் பயனில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்த ஒரு பதிவேட்டில் வேம்பு, புளி, துளசியோடு பட்டியல் முடிந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பதிவேட்டிலும் அதே வரிசை, அதே எழுத்துப்பிழை. உட்கார்ந்து பேசி, இணைப்பாக ஒரு தாள் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். தலைவர் சின்னப் பையன், என்னிடம் பத்தாவது படித்தவன், தட்ட முடியாமல் முழிக்கிறான்.

காகிதத்தில் இருப்பதன் பலத்தை இந்தப் பக்கம் கண்ணால் பார்த்துவிட்டோம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு வருஷத்தில் அதையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேர் சொச்சத்துக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஜனங்கள் எழுந்ததுதான் முதல் காரணம். ஆனாலும் கையில் காட்ட அந்த அறிவிப்பு இருந்ததே! அதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை. எல்லோரும் லகர் ராஜாளியைப் பேசுகிறார்கள், தேவாங்கைப் பேசுகிறார்கள். பாறை மேல் விரற்கடை மண்ணில் மழைக்குப் பின் சில வாரமே தலைகாட்டும் சின்னஞ்சிறு செடிகளைக் கேட்பார் இல்லை. "வெறும் பாறைதானே" என்று அங்கே குழி தோண்டி மரக்கன்று வைக்க ஒரு குழு கிளம்பியது. நல்ல பிள்ளைகள்தான். ஆலமரம் வைக்க ஊரில் எத்தனையோ இடம் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் சங்கத்துக்கு நான் சொல்வது இதுதான். விதை வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள ஓடைக்கரையில் நடந்து பாருங்கள். அங்கே தானாக நிற்பது எது என்று எழுதுங்கள். தெரியாததைப் பூவோடு, காயோடு, பட்டையோடு படமெடுத்து அனுப்பு, முடிந்ததைச் சொல்கிறேன். பிறகு அங்கேயே விதை எடுத்து நாற்று விடுங்கள். ஒரே மரத்தில் மொத்தமும் பறிக்காமல் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்.

எனக்கும் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது அழகர்மலைக்குக் கூட்டிப்போனார்களே, அப்போது நீ மட்டும்தான் ஒழுங்காக நோட்டு எழுதினாய். நூபுர கங்கை ஓடையோரம் பார்த்த செடிகளைத் தேதியோடு எழுதி வைத்திருந்தாய். அந்த நோட்டைப் பரணில் தேடு. நீ ஏறாதே, மாப்பிள்ளையாகப் போகிறவர் வந்தால் ஏறச் சொல். ஓடைப் பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதும். அன்று இருந்து இன்று இல்லாதது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. மழை நின்றதும் கார்த்திகையில் ஓடைக்குப் போகிறேன், அதற்குள் வந்தால் நல்லது.

அண்ணனுக்கு என் வணக்கம் சொல்.

உன்,
விசாலம்