பையன் சொந்தக் குரலிலேயே பேச: திரைப்பட நன்கொடை வேண்டுகோள்

கொழும்பு வாழ் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் பத்தாம் தரம் படிக்கும் ஒரு பருத்த பையன். வகுப்பில் அவனைப் பட்டப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவன் வாங்கில் இருந்தால் மற்றவர்கள் தூக்கி எறியப்பட்டதுபோல் விழுந்து காட்டுவார்கள். சட்டையில் மை தெளிப்பார்கள். சிரிப்பும் கண்ணீருமான அவன் கதையை முழுநீளப் படமாக எடுக்கிறோம். படத்தில் பகிடி நிறைய உண்டு; அவன் உடம்பைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் காட்சி ஒன்றும் இல்லை. கடைசியில் அவன் மெலிவதும் இல்லை. மெலிந்தால்தான் மரியாதை என்று முடித்தால், வதைத்தவர்கள் சொன்னது சரி என்றாகிவிடும்.

கமரா இரவலாகக் கிடைத்துவிட்டது. நடிப்பவர்கள் சம்பளம் வாங்கவில்லை. இனித் தேவை 1,430,000 ரூபா.

இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாதது ஒலிப்பதிவு: கருவிகளோடு நாளுக்கு 25,000 வீதம் 16 நாட்களுக்கு 400,000. ஒரு பக்கம் காலி வீதி பஸ் ஹோர்ன், மறுபக்கம் கடற்கரை ரயில். ஒருவர் பேசும்போது ரயில் போய், பதில் சொல்பவரை அமைதியான நேரத்தில் எடுத்தால், இரண்டையும் ஒட்டும் இடத்தில் சத்தம் வெட்டுப்பட்டு நிற்கும். பிறகு டப்பிங் செய்யலாமே என்று கேட்பீர்கள். நடிக்கும் பையனுக்கு வயது 16. குரல் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. சில மாதம் கழித்து அதே குரல் வராது. பதில் சொல்லுமுன் அவன் தயங்கும் அந்த ஒரு நொடியில்தான் சிரிப்பே இருக்கிறது, அதுவும் போய்விடும். சட்டைக்குள் ஒட்டும் சிறு மைக் வியர்வையில் கழன்று துணியில் உரசும். ஆகவே தலைக்கு மேல் பிடிக்கும் பூம் மைக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஒலிக்காக வகுப்பறை மின்விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பையன் தொப்பலாக நனைவான். அவன் அளவுக்குக் கடையில் சட்டை கிடைக்காது, தையற்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். அவனுக்கு மட்டும் ஆறு சட்டைகள்: மை பட்ட சட்டையை மறுபடி பாவிக்க முடியாது என்பதால் அந்தக் காட்சிக்கே மூன்று. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வெயிலில் கமராவில் வெளிறிப்போய் முகத்தை இருட்டாக்கும். அதனால் எல்லாச் சட்டைகளையும் இளஞ்சாயத் தேநீரில் ஒருமுறை தோய்த்துக் காயவிடுவோம். திரையில் வெள்ளையாகவே தெரியும். உடைகளுக்கும் அரங்கப் பொருட்களுக்கும் 95,000.

25 பேரின் சாப்பாடும் போக்குவரத்தும் ஆளுக்கு நாளுக்கு 1,600 வீதம் 640,000. கொத்து ரொட்டிக் காட்சிக்கு மூன்று கோணம், கோணத்துக்கு நான்கு முறை என்று பன்னிரண்டு தட்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் ஒரு வாய்தான் வைப்பான், துப்புவதற்கு வாளி பக்கத்தில் இருக்கும். விழுங்கு என்று யாரும் சொல்லமாட்டோம். பட்டப்பெயரும் ‘அக்‌ஷன்’ முதல் ‘கட்’ வரை மட்டுமே; மற்ற நேரம் எல்லோரும் அவனை அவன் பெயரால்தான் கூப்பிட வேண்டும். பெற்றோரில் ஒருவர் எப்போதும் கூட இருப்பார்.

எடுத்த காட்சிகளை மூன்று பிரதியாக, ஒன்றை வேறு வீட்டில் வைக்க ஹார்ட் டிஸ்க்குகள் 165,000. டிசம்பர் விடுமுறையில்தான் வகுப்பறை காலியாக இருக்கும். மழை குழப்பினால் மேலும் இரண்டு நாள் எடுக்க 130,000.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. காலி வீதிக்கு முகம் காட்டாத ஒரு வீட்டறை, மதியச் சோற்றுப் பார்சல், பழைய பாடசாலை மேசை வாங்கு எதுவும் உதவும். 500 ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. உதவி தந்தவர்கள் எல்லோருக்கும் வரவு செலவுக் கணக்கை அனுப்புவோம். தொகை குறைந்தால் காலிமுகத்திடல் காட்சியைக் கைவிடுவோம், ஒலியில் கை வைக்கமாட்டோம். மிஞ்சினால் சிங்கள உபதலைப்புக்குப் போகும். படத்தின் முடிவில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைக் காட்டுவோம்.

தையலுக்கு நேரம் வேண்டும். ஒக்டோபர் 31க்குள் குழுவின் பொருளாளரிடம் சேர்ப்பியுங்கள்.

படத் தயாரிப்புக் குழு, கொழும்பு