பேசித் தந்தவர்களுக்கும் அச்சேற்றித் தந்தவர்களுக்கும் நன்றி

அன்புள்ள சபையாருக்கும், இந்த நூலுக்குத் தோள் கொடுத்த உறவுகளுக்கும்,

கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வணக்கம். சூறாவளியையும் சுனாமியையும் கண்ட நம் முதியவர்களின் நினைவுகள் புத்தகமாகிவிட்டன. வெளியீட்டு விழாவில் ஏற்புரைக்கு நேரம் போதவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே இங்கே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி பேசியவர்களுக்கு. போதகர் வீட்டுக்கு வந்தால் ஜெபிப்பார், போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நீங்களோ ஜெபம் முடிந்த பிறகும் என்னை இருத்தி வைத்துப் பேசினீர்கள். பெரியகல்லாற்றில் ஒரு பெத்தா (பாட்டி) 1978 நவம்பர் 23 சூறாவளி இரவைச் சொன்னார். "தென்னையெல்லாம் படுத்திட்டு ஐயா. மறுகா விடியப் பார்த்தா அடுப்புக்கல்லு மட்டும்தான் மிச்சம்." சொல்லிவிட்டு, தடியை ஊன்றி எழுந்துபோய், வளவின் மூலையில் கரி ஏறிக் கிடந்த அந்தக் கல்லையும் காட்டினார். நாவலடியில் 2004 டிசம்பர் 26 அன்று பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தகப்பன், நான் கொப்பியைத் திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கொப்பியை மூடி வைத்துவிட்டு அவரோடு சும்மா இருந்தேன். மாதங்கள் கழித்து அவரே தேடி வந்து, "இப்ப எழுதுங்க ஐயா" என்றார். அந்த நம்பிக்கைக்கு எப்படி நன்றி சொல்வது!

ஏன் இதில் இத்தனை பிடிவாதம் என்று சிலர் கேட்டீர்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் போதகர் மட்டக்களப்புக்கு வந்தார், பாடசாலை தொடங்கினார், அடுத்த வருடமே இங்கே இறந்துபோனார். அவரைப் பற்றி வாசிக்க நிறைய உண்டு. அவரிடம் படித்த பிள்ளைகள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. போதகர்மாரின் எழுத்து எப்படியோ தப்பிவிடுகிறது, சபையின் பேச்சு தப்புவதில்லை. ஆகவேதான் இந்த நூலில் என் பிரசங்கம் ஒன்றுகூட இல்லை.

எழுதுவதற்கு நேரம் தந்தவர்களும் நீங்கள்தான். ஞாயிறு ஆராதனை, ஆஸ்பத்திரிச் சந்திப்பு, திருமுழுக்கு, கல்யாணம், அடக்கம் என்று போகிற வாரத்தில், பிரசங்க மேடையை ஏற்றுக்கொண்டு எனக்கு இடைவெளி தந்த உள்ளூர்ப் பிரசங்கிமாருக்கு நன்றி. 2019 உயிர்த்த ஞாயிறன்று இங்கே சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளும் பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு நான் பேனாவைத் தொடவே இல்லை. துக்க வீடுகளுக்குப் போவது மட்டும்தான் வேலையாக இருந்தது. அந்த நாட்களில் கேட்காமலே எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காமாரை மறக்க மாட்டேன்.

அப்புறம், ஒப்புப் பார்த்த தமிழாசிரியர் ஐயா. நல்ல சைவர், ஓய்வுபெற்றவர். நெற்றி நிறையத் திருநீற்றோடு என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, வரிவரியாகத் திருத்தினார். சந்திப் பிழையை விடமாட்டார். ஆனால் பெத்தாமாரின் பேச்சில் மட்டும் சிவப்புப் பேனை பட விடவில்லை. "அது அவங்கட தமிழ், கை வைக்கக்கூடாது" என்று அடித்துச் சொன்னார். விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் இப்படி ஒருவர் வாய்த்தது என் பாக்கியம்.

அச்சகத்துக் காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) நான் பட்ட கடன் பெரியது. 2022இல் கடதாசி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கைக்கு எட்டவில்லை, மின்சாரமும் மணிக்கணக்கில் வெட்டு. சரி, இது இனி நடக்காது என்று நான் சோர்ந்திருந்தபோது, அவர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் தர மறுத்தார். வேறு வேலைகளில் மிஞ்சிய கடதாசியைக் கட்டி வைத்து, நோன்பு காலத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையைத் தொழுதுவிட்டு வந்து, கரண்ட் இருந்த நேரம் பார்த்து முதல் பக்கங்களை அடித்தார். கூலியைப் பிறகு பேசலாம் என்றார். இன்னும் பேசவில்லை.

என் துணைவிக்கும் மகளுக்கும். பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் கிடந்த குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்தவர் மகள். எதை அச்சிடலாம், எதை அந்தக் குடும்பத்தோடு விட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் துணைவி. அவர் வேண்டாம் என்ற பக்கங்கள் நூலில் இல்லை.

பேசித் தந்தவர்களின் வீடுகளுக்குப் பிரதிகளை நானே கொண்டுவருகிறேன். கண் பார்வை குறைந்தவர்களுக்கு இருந்து வாசித்துக் காட்டுவேன். எந்த நேரம் வசதி என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் போதகர்,
மட்டக்களப்பு