இம்போசிஷனால் ஸ்பெல்லிங் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் நான். மாலை வேளைகளில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து சில பிள்ளைகள் என்னிடம் பாடம் கேட்க வருகிறார்கள். சென்ற வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லை ஐம்பது முறை எழுதிய நோட்டைக் காட்டினாள். எட்டு வரிகள் சரியாக இருந்தன. ஒன்பதாவதில் நடுவிலிருந்த 'டி' விடுபட, அதன்பின் மேல்வரியைப் பார்த்துப் பார்த்து ஐம்பது வரை அந்தப் பிழையையே முத்துமுத்தாக எழுதியிருந்தாள். அடியில் சிவப்பு மையில் ஒரு 'டிக்'.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஒலித்தபடியே எழுதப் பழகிய தமிழ்க் குழந்தை அங்கே தடுமாறுவது இயல்பே. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் நாம் 'பி' என்றே எழுதுகிறோம். பெரியது என்று எழுத வந்த பிள்ளை பன்றி என்று எழுதிவிடுகிறது. உதகையின் பெயரே 1821இல் மெட்ராஸ் கெஜட்டில் வெளியான கடிதமொன்றில் 'வோட்டோகிமண்ட்' என்று அச்சேறியதை நினைத்தால், பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

நாம் அந்தக் கிழமைக்குக் கோளின் பெயரை வைத்ததுபோல, ஆங்கிலேயரின் முன்னோர் வோடன் என்ற தெய்வத்தின் பெயரை வைத்தார்கள் என்றும், அவர் பெயரிலுள்ள 'டி'தான் நாவிலிருந்து மறைந்தும் ஏட்டில் நிற்கிறது என்றும் சிறுமியிடம் சொன்னேன். அதன்பின் அவள் அந்த எழுத்தை விடவில்லை. கத்தியைக் குறிக்கும் சொல்லின் முதலில் வரும் 'கே' ஒருகாலத்தில் ஒலித்ததுதான். கடனைக் குறிக்கும் சொல்லிலுள்ள 'பி' மட்டும், லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது.

எழுதிப் பழகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லைப் பார்த்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு பிள்ளையே ஒப்பிட்டுத் தவறிய எழுத்தை மட்டும் வட்டமிட வேண்டும். அதே சொல்லை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் டிக்டேஷனில் கொடுக்க வேண்டும். ஐம்பது வரி எழுதும் நேரத்தில் ஐந்தாறு சொற்களை இப்படிப் பழகிவிடலாம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் எழுத்துக்கூட்டையும் வெளியிட்டால், வீட்டில் அகராதி இல்லாத பிள்ளைகளுக்கும் அது எட்டும். இம்போசிஷனைக் கைவிட மனமில்லாத ஆசிரியர்கள், 'டிக்' போடுமுன் ஒன்பதாவது வரியையாவது படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.