தொலைநிலைப் பயிற்சியில் தொலைவில் இருப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவில் டயட்டீஷியன் ஆவது எப்படி என்று தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை, கோவையில் என்னுடன் எம்.எஸ்சி. படித்த தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 'தொலைநிலை இன்டர்ன்ஷிப்பை வீட்டிலிருந்தபடியே முடித்துவிடலாம்' என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, 'நிஜமா?' என்று மட்டும் கேட்டிருந்தார். 2023 ஆகஸ்ட் முதல் 2024 மே வரை அப்படியொரு தொலைநிலைப் பயிற்சியை ஒஹாயோ மாநிலத்தில் முடித்தவள் என்ற முறையில், அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரிவாகத் தங்களுக்கும் எழுதுகிறேன். கட்டுரையில் தவறான தகவல் அதிகம் இல்லை. ஆனால் 'தொலைநிலை' என்ற சொல்லுக்கு அஞ்சல்வழிக் கல்வியின் பொருளை அது கொடுத்துவிட்டது. அதை நம்பி ஒருவர் பணம் கட்டினால் பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொள்வார்.

இந்தப் பயிற்சியில் தொலைவில் இருப்பது திட்ட இயக்குநரும் பல்கலைக்கழகமும் மட்டுமே. பயிற்சி பெறுபவர் தம் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலும், பெருஞ்சமையல் கூடத்திலும், சமூக நல மையத்திலும் நேரில் போய் நிற்க வேண்டும். பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் 'ஏசெண்ட்' என்ற அமைப்பின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி குறைந்தபட்சம் 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி தேவை. முன்பு இது 1,200 மணி நேரமாக இருந்தது. இந்த 1,000 மணி நேரத்தில் 700 மணி நேரமாவது உண்மையான பணியிடத்தில் கழிந்தாக வேண்டும். கணினி வழி நோயாளர் மாதிரிகள், நடித்துக் காட்டும் பயிற்சிகள் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 300 மணி நேரம்தான் அனுமதி. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கொண்டால்கூட, 700 மணி நேரம் என்பது பதினேழரை வாரம். அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிக்க வழியே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பணியிடங்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. பெரும்பாலான தொலைநிலைத் திட்டங்களில் அது விண்ணப்பிப்பவர் தலையில்தான் விழுகிறது. நமக்கு வழிகாட்டி மதிப்பெண் இடும் பணியாளரை இங்கே 'பிரிசெப்டர்' என்கிறார்கள். மருத்துவமனைச் சுற்றில், அதாவது மருத்துவமனையில் பயிற்சி பெறும் கட்டத்தில், அவர் பெரும்பாலும் பதிவுபெற்ற டயட்டீஷியனாகவே (அதற்கான பதிவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றவராகவே) இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர், தம் அன்றாட வேலைக்கு நடுவே, பத்துப் பன்னிரண்டு வாரம் நம்மைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரும்பாலும் அவருக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது. அவருடைய பதிவைப் புதுப்பிப்பதற்கான தொடர்கல்விக் கணக்கில் ஆண்டுக்கு மூன்று அலகு வரை சேரும், அவ்வளவுதான். ஆகவே 'இடமில்லை' என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் 23 இடங்களைக் கேட்டேன். பதினோரு இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. பத்து இடங்கள், உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கே இடம் போதவில்லை என்று மரியாதையாக மறுத்தன. இரண்டு இடங்கள் சம்மதித்தன.

சம்மதம் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்பதையும், அதை இரு தரப்பு வழக்கறிஞர்களும் வரிவரியாகப் பார்ப்பார்கள் என்பதையும் அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பொறுப்புக் காப்பீடு பற்றிய ஒரே ஒரு வாக்கியத்தில் கருத்து வேறுபட்டு, ஒரு மருத்துவமனையுடனான ஒப்பந்தம் நான்கு மாதம் கிடப்பில் கிடந்தது. இதற்கிடையே என்னை ஏற்றுக்கொண்டிருந்த பிரிசெப்டர் மகப்பேறு விடுப்பில் சென்றார். இன்னொருவர் கிடைக்கும்வரை நான் சுற்றுகளின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டு முன்பே இடம் தேடத் தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இடம் தேடித் தருவதாகச் சொல்லித் தனியே கட்டணம் வாங்கும் முகவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும் முன், அவர்கள் காட்டும் இடத்தைத் தம் திட்டம் ஏற்குமா என்று இயக்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இனி செலவுக்கு வருகிறேன். திட்டத்துக்குத் திட்டம் கட்டணம் பெரிதும் மாறுபடுகிறது. நான் சேர்ந்த திட்டத்தில் 11,000 டாலர். பயிற்சிக் காலத்தில் ஒரு டாலர்கூட ஊதியம் இல்லை. ஊழியர்களுக்குப் பதிலாகப் பயிற்சி பெறுபவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பட்டத்தோடு இணையாத தனிப் பயிற்சியாக இருந்தால், அதற்கு அரசின் கல்விக் கடனும் பல திட்டங்களில் கிடைப்பதில்லை. ஆகவே கையில் இருக்கும் பணத்தை நம்பித்தான் இறங்க வேண்டும்.

கட்டுரை கட்டணத்தோடு நின்றுவிட்டது. எனக்கோ கட்டணத்துக்கு வெளியே ஆன செலவுதான் அதிகம். சம்மதித்த மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து 34 மைல். போக வர 68 மைல், வாரம் ஐந்து நாள், பதினாறு வாரம் என்றால் 5,440 மைல். அமெரிக்க வருமான வரித் துறை 2024இல் அலுவல் பயணத்துக்கு நிர்ணயித்த மைலுக்கு 67 சென்ட் என்ற கணக்கில் பார்த்தால், அது மட்டுமே ஏறத்தாழ 3,645 டாலர். அந்த வழியில் பேருந்து கிடையாது. சொந்தக் கார் இல்லாதவர், பெருநகரங்களைத் தவிர மற்ற ஊர்களில் இந்தப் பயிற்சியை நினைத்துப் பார்ப்பதே கடினம். என் மகனுக்கு அப்போது நான்கு வயது. காப்பகத்துக்கு மாதம் 1,100 டாலர் வீதம் ஒன்பது மாதத்துக்கு 9,900 டாலர் ஆயிற்று. எந்தத் திட்டத்தின் செலவுப் பட்டியலிலும் குழந்தைக் காப்பகம் என்ற வரி இருக்காது. ஆனால் என் குடும்பக் கணக்கில் கல்விக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய தொகை அதுதான். காப்பகமும் பயணமும் சேர்ந்து கட்டணத்தையே தாண்டிவிட்டன.

சில்லறைச் செலவுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை (ஒரு மருத்துவமனை செய்ததை இன்னொரு மருத்துவமனை ஏற்காததால் இரண்டு முறை), தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு, இதய உயிர்ப்பு முதலுதவிப் பயிற்சி, வெள்ளைக் கோட்டு, வழுக்காத காலணி, பதிவுத் தேர்வுக்கான புத்தகங்கள் என்று எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலரை நெருங்கின.

தடுப்பூசி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் உண்டு என்று ஆவணம் காட்ட வேண்டும். என் சிறுவயதுத் தடுப்பூசி அட்டை எங்கே போனதோ, அம்மாவுக்கே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் மஞ்சள் காமாலைக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று வந்தது. எனக்குப் போடப்பட்ட மூன்று தவணை ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். காசநோய்ச் சோதனைக்கு முன்கையில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தடித்துச் சிவந்திருந்த இடத்தைச் செவிலியர் பேனாவால் வட்டமிட்டு, அளவுகோல் வைத்து அளந்து, முகம் மாறி, மார்பு எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினார். குழந்தையில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பை மேற்கையில் காட்டி, இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இது வழக்கமாகப் போடுவது என்று நான் விளக்க வேண்டியிருந்தது. பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் சோதனை இப்படித் தவறாகக் காட்டக்கூடும். ரத்தத்தில் செய்யும் காசநோய்ச் சோதனையை பிசிஜி பாதிப்பதில்லை. முதலிலேயே அந்த ரத்தச் சோதனையைக் கேட்டிருந்தால் எக்ஸ்ரேயும், இரண்டு வாரக் கவலையும் மிச்சமாகியிருக்கும்.

நடைமுறையில் நாள் எப்படிப் போகும் என்பதையும் கட்டுரை தொடவில்லை. உணவுச் சேவைச் சுற்றில் நான் காலை ஐந்தரை மணிக்குச் சமையல் கூடத்தில் இருக்க வேண்டும். நகரும் பட்டையில் ஒவ்வொரு தட்டாக வரும்போது, சீட்டில் 'உப்புக் குறைவு' என்றிருப்பவருக்கு உப்புப் பொட்டலம் போய்விடாமல் பார்ப்பதும், சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழேயும் குளிர்ந்த உணவு 41 டிகிரிக்கு மேலேயும் போகாமல் வெப்பமானி குத்திப் பார்த்துக் குறிப்பதும் என் வேலை. மாலையில் வீடு திரும்பி, கேமரா முன் அமர்ந்து இயக்குநரின் இணைய வகுப்பு, அதன்பின் நோயாளர் அறிக்கைகள். பக்கத்து நேர மண்டலத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு இரவு எட்டு மணி என்றால் எனக்கு ஒன்பது மணி. அந்த ஒன்பது மாதமும் சமையல் என் கணவர் பொறுப்பு. ரசம் மட்டும் இன்னும் அவருக்கு வரவில்லை.

தகுதி விஷயத்தில் இரண்டு குறிப்புகளைச் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல், பதிவுத் தேர்வை எழுதும் தகுதியைப் பெறுவதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் ஆகிவிட்டது. இந்திய எம்.எஸ்சி. பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, அமெரிக்க முதுகலைக்கு இணையானது என்று சான்று பெற வேண்டும். அது மட்டும் போதாது. பயிற்சியில் சேர்வதற்கு, ஏசெண்ட் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தை முடித்ததாக 'வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட்' என்ற சான்றும் தேவை. அதற்காக நான் ஒன்றரை ஆண்டு தனிப் பாடங்கள் படித்தேன். அந்தச் செலவை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது விசா. மாணவர் விசாவான எஃப்-1இல் இருப்பவருக்கு, முழுநேரப் படிப்பின் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணைய வகுப்பு அல்லது மூன்று கிரெடிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே முழுக்கத் தொலைநிலையில் நடக்கும் திட்டங்கள் பெரும்பாலும் அவர்களுக்கு ஒத்துவராது. என்னைப் போல எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) வந்தவர்கள் படிக்கலாம். மருத்துவமனைப் பயிற்சி வேலையாகக் கருதப்படுமா என்ற கேள்விக்கு, 'சம்பளம்தான் இல்லையே' என்று தாமே விடை சொல்லிக்கொள்ளாமல், குடிவரவு வழக்கறிஞரிடமும் திட்டத்திடமும் கேட்க வேண்டும். எனக்கு 2015 முதல் நடைமுறையில் இருக்கும் எச்-4 வேலை அனுமதி அட்டை கையில் இருந்ததால் அந்தக் கேள்வி எழவில்லை. ஆனால் பயிற்சியின் நடுவில் அட்டை காலாவதியாகும் நிலை வந்து, புதுப்பித்த அட்டை வரும்வரை தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் பின்வாங்க வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. குழந்தையையும் கணவரின் வேலையையும் விட்டு வேறு மாநிலத்துக்குப் போய்ப் பயிற்சி பெற என்னால் முடிந்திராது. இப்படியொரு வழி இருந்ததால்தான் நான் இன்று பதிவுபெற்ற டயட்டீஷியன். என் கோரிக்கை தகவல் பற்றியது. பயணம், தங்குமிடம், காப்பீடு, மருத்துவச் சோதனை, பின்னணிச் சோதனை உள்ளிட்ட எல்லாச் செலவுகளையும் ஒவ்வொரு திட்டமும் சேர விரும்புவோருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏசெண்டின் விதி. மாணவரே இடம் தேட வேண்டுமென்றால், அதற்கான நிபந்தனைகளையும், தேடுவதில் திட்டம் எந்த அளவுக்கு உதவும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். பதிவுத் தேர்வில் அந்தத் திட்டத்தின் மாணவர்கள் எத்தனை சதவீதம் தேர்ச்சி பெற்றார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் முறை எழுதிய ஓராண்டுக்குள் 80 சதவீதத்தினராவது தேர்ச்சி பெறுவதை ஏசெண்ட் எதிர்பார்க்கிறது. இத்தகைய கட்டுரைகளைத் தாங்கள் வெளியிடும்போது, கட்டணத்தோடு இந்த மூன்றையும் பார்க்கும்படி ஒரு பெட்டிச் செய்தி சேர்த்தால், என் தோழியைப் போன்றவர்கள் சரியான கேள்விகளோடு தொடங்குவார்கள்.

23 இடங்களுக்கு நான் அனுப்பிய கடிதத்தின் மாதிரியும், நாள்வாரியாகக் குறித்துவைத்த செலவுக் கணக்கும் என்னிடம் இருக்கின்றன. கேட்கும் வாசகர்களுக்குத் தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன். தோழிக்கு ஏற்கனவே அனுப்பிவிட்டேன். மஞ்சள் காமாலைக்கான முதல் ஊசியை அவர் போன வாரம் போட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி ஒருவர்,
ஒஹாயோ, அமெரிக்கா.