மியூன்ஸ்டரில் எனக்கு வீடு கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் ஒரு கல்வியாண்டு படித்துவிட்டு ஈரோடு திரும்பியிருக்கிறேன். கோட்டு முழுக்க பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கும் என் போட்டோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அதில் இல்லாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், என்னை வைத்துப் பார்த்துக்கொண்ட மூன்று குடும்பங்கள். இவர்களுக்கு வாடகையோ சம்பளமோ கிடையாது. "மாசம் எவ்வளவு கட்டுனீங்க?" என்று கேட்பவர்களுக்கு அம்மா இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறார். முதல் வீட்டு அம்மா, நான் சைவம் என்று தெரிந்ததும் கடையில் மிட்டாய் பாக்கெட்டைக்கூடத் திருப்பி, ஜெலட்டின் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அங்கே ராத்திரி பெரும்பாலும் சமையல் இல்லை. ரொட்டி, சீஸ், புளிக்கவைத்த வெள்ளரிக்காய், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் மேசைக்கு வந்தாக வேண்டும். நான் பாதி வாக்கியத்தில் திணறும்போது ஒருவர்கூட ஆங்கிலத்துக்குத் தாவியதில்லை. கையில் எடுத்த ரொட்டியோடு காத்திருப்பார்கள். என் ஜெர்மன் அந்த மேசையில் வந்ததுதான்.

மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம் என்று சொல்லப்படும் ஊர் அது. இரண்டாம் வீட்டுத் தாத்தா, பாட்டியின் சைக்கிளைத் துடைத்து, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். விளக்கு எரியாவிட்டால் போலீஸ் அபராதம் போடும் என்பதால், குளிர்காலம் முழுக்க நான் கிளம்பும் முன் அவர் குனிந்து பார்க்காத நாளில்லை.

அப்புறம், வரலாற்று ஆசிரியை. அங்கே பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண். நம் ஊரில் பேசினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும்! அவர் மறுநாள் கேட்கப்போகும் கேள்வியை முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்துவிடுவார். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த 1648 ஒப்பந்தம் அந்த ஊரிலும் பேசி முடிக்கப்பட்டது. அதைப் பற்றி நான் முதன்முதலாகக் கை தூக்கியபோது அவர் முகத்தில் ஆச்சரியமே காட்டவில்லை. நல்ல நடிப்பு.

மூன்றாம் வீட்டார் பக்கத்து ஊரான ஹம்மில் உள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு என்னை அழைத்துப்போனார்கள். ஈழத்தமிழர்கள் எழுப்பிய அந்தக் கோபுரம் 2002 முதல் அங்கே நிற்கிறது. "பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?" என்று தட்டை நீட்டிய முகம் தெரியாத அன்ரிக்கும் என் நன்றி. அவ்வளவு நாள் கழித்துச் சோறு!

இங்கே, தூதரக வேலைக்கு எங்களோடு சென்னைவரை வந்த ரோட்டரி சங்கத்து மாமாவுக்கும், ப்ளஸ் டூவில் எனக்கு இடம் வைத்திருந்த தலைமையாசிரியைக்கும் நன்றி. என் செட் கல்லூரிக்குப் போய்விட்டது, நான் இப்போதுதான் ப்ளஸ் டூ. "ஒரு வருஷம் போச்சே" என்று வருந்திய உறவினர்களே, ஆமாம், போச்சு. சரி, அதனாலென்ன?

கடைசியாக அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா. பதிலுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பையன் என் அறையில்தான் இருந்தான். அவனுக்குத் தாயம் சொல்லிக்கொடுத்து, ஏமாற்றவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது அவன் வீடியோ கால் செய்வது அவருக்குத்தான், எனக்கில்லை.

வரும் ஆகஸ்டில் பிரேசிலிலிருந்து ஒரு மாணவி வருகிறார். முதல் சில மாதங்கள் எங்கள் வீடு. இன்னும் இரண்டு குடும்பங்கள் வேண்டும். தனிக் கட்டிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சங்கத்தில் பெயர் கொடுங்கள். வீட்டை ஒருமுறை வந்து பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம்.

நன்றியுடன்,
ஈரோட்டு மாணவி